சென்ட் தட்டு நீட்டும் நேரம்

1. புறா வேண்டாம்

"சுந்தரம், இந்தச் சரக்கு போகலைன்னா பிளெண்டிங் டேபிளைத் தூக்கிட்டு அங்க பாடி ஸ்ப்ரே ரேக் போட்டுருவேன் வே. நீரு கவுண்டர்ல நிக்கலாம். இல்லைன்னா ஊருக்கு டிக்கெட் போடலாம்."

நாசர் பாய் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கத்தினால் பயமில்லை, மதியம் மறந்துவிடுவார். சிரித்தால் முடிவெடுத்தாயிற்று என்று அர்த்தம்.

குவைத்தின் ஃபஹாஹீலில் எங்கள் சென்ட் கடை. பாய் முதலாளி, நான் வாசனை கலக்கும் பிளெண்டர், இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். கடையின் பின்பக்கம் ஒரு மேஜை, ஒரு தராசு, வரிசை வரிசையாகச் சின்ன பாட்டில், ஒரு மூக்கு. இதில் மூக்கு மட்டும்தான் என்னுடையது.

சரக்கு என்றால், பழங்காலக் கிரேக்கர்கள் பூசிய மாதிரி ஒரு சென்ட். யோசனை அடியேனுடையது. அவர்கள் ஆல்கஹால் கலக்கவில்லை. ஆலிவ் எண்ணெயில் ரோஜாவையும் ஐரிஸ் கிழங்கையும் ஊறவைத்தார்கள். குவைத்தில் ஆல்கஹால் இல்லாத சென்டை விற்கத் தனியாக விளக்கம் வேண்டாம் அல்லவா?

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் படிக்க ஆரம்பித்தேன். அவர்கள் ஊரிலும் வம்பு பேச சென்ட் கடையில்தான் கூடுவார்களாம். உடம்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு வாசனையாம். கைக்குப் புதினா, முடிக்கும் புருவத்துக்கும் மருவு, கழுத்துக்கும் முழங்காலுக்கும், அரபிகள் ரொட்டியில் தூவித் தின்கிற ஸாத்தர் மாதிரி ஒரு தழை. தூக்கம் போயிற்று. எல்லாவற்றிலும் சாம்பிள் போட்டேன். பாய் முகர்ந்து பார்த்துவிட்டு, "சமையல்கட்டு வாடை" என்று தள்ளிவிட்டார். ரோஜாவும் ஐரிஸும் மட்டும் தேறின.

"பாய், விருந்துல புறாவை சென்ட்ல முக்கிப் பறக்க விடுவாங்களாம். அது சிறகடிக்க அடிக்க, விருந்தாளிங்க மேல சென்ட் தெளிக்குமாம். அறிமுக விழாவுக்கு நாமளும்..."

"சென்ட்டை மட்டும் தெளிச்சா சரி. வேற எதையாவது தெளிச்சா?"

புறா ரத்து. ஆனால் விருந்து முறையை விடவில்லை. சாப்பாடு முடிந்து கை கழுவியதும் எல்லாருக்கும் சென்ட் பூசுவார்கள். அதற்குப் பிறகுதான் கச்சேரியே ஆரம்பிக்கும். நம் ஊர்க் கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. குடி, பாட்டு, பேச்சு எல்லாம் பிறகுதான். குடிக்குப் பதில் நாம் சுலைமானி டீ கொடுத்துக்கொள்வோம் என்று திட்டம் போட்டேன். சாப்பாடு, என் சென்ட் தட்டு, பிறகு பாய் வெல்வெட் துணி மூடிய பாட்டிலோடு உள்ளே வந்து பேச்சு, ஆர்டர்.

"சரியா வரும்லா?" என்றார் பாய்.

"கிரேக்க முறைப்படி, பாய்" என்றேன்.

2. எழுந்து நின்றார்கள்

எங்கள் கஃபீல், அதாவது விசா கொடுத்த குவைத்தி ஸ்பான்சர், அபு சாலிம் தன் திவானியாவைக் கொடுத்திருந்தார். வீட்டை ஒட்டி, ஆண்கள் கூடிப் பேசும் பெரிய ஹால். வந்தவர்கள் எல்லாம் குவைத்தின் சென்ட் கடை முதலாளிகள். மஜ்பூஸ் சோறு நடந்துகொண்டிருந்தபோது நான் பக்கத்து அறைக்கும் ஹாலுக்கும் இடையே நடந்து நடந்து கார்ப்பெட்டைத் தேய்த்தேன். எனக்குப் பயம் வந்தால் கையில் எதையாவது உருட்ட வேண்டும். தள்ளுபடியான சாம்பிள் பாட்டில்களைச் சட்டைப் பையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஏன்வே துடிக்கீரு?" என்றார் பாய்.

கை கழுவினார்கள். தட்டோடு போனேன். முதலில் பெரியவர், வெள்ளைத் தாடி, எல்லாரிலும் மூத்தவர். புறங்கையில் தடவினேன். கண்ணை மூடி முகர்ந்தார். தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொருவராகத் தடவி முடித்தேன்.

பெரியவர் எழுந்து நின்றார். உடனே எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

அடேயப்பா, ஒரு வாசனைக்கு இவ்வளவு மரியாதையா! நான் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து நன்றிகூடச் சொன்னேன். நிமிர்ந்தால், பெரியவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் மண்டையில் இடி. இங்கே விருந்து முடிந்து, சாம்பிராணி மாதிரியான பக்கூர் புகையும் அத்தரும் சுற்றி வந்தால், போய் வாருங்கள் என்று அர்த்தம். வீட்டுக்காரர் வாயால் சொல்லமாட்டார். வாசனை சொல்லும். அதற்கு மேல் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. அந்தப் பக்கூரை வருஷக்கணக்காக இவர்களுக்குக் கலந்து விற்கிறவனே நான்தான்!

அபு சாலிம் என்னைப் பார்த்தார், யார் இவர்களைப் போகச் சொன்னது என்பதுபோல். அந்த நேரம் பார்த்துப் பாய் வெல்வெட் மூடிய பாட்டிலோடு உள்ளே வந்தார். அவருக்குத் தெரிந்தது வரிசையாக முதுகுகள்.

"என்னவே செஞ்சீரு?"

பாடி ஸ்ப்ரே ரேக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. விலைச் சீட்டோடு.

3. தாடி பாக்கி

ஓடிப்போய் வாசலில் செருப்புகளின் நடுவே நின்றேன். எனக்குத் தெரிந்த மொழி எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

"பாபா! கலாஸ் மாஃபி! ஹாத் மட்டும் ஹோ கயா. தாடி பாக்கி ஹை!" இன்னும் முடியவில்லை, கைக்கு மட்டும்தான் ஆயிற்று என்று சொன்னதாக எனக்கு நினைப்பு.

"தாடி?" என்று பெரியவர் தன் தாடியைப் பிடித்துக்கொண்டார்.

பையிலிருந்து மருவு பாட்டிலை எடுத்தேன். அரைகுறை அரபியும் இந்தியுமாகச் சொன்னேன்: இது யூனானி முறை, அதாவது கிரேக்கர் முறை, அவர்கள் சென்ட் போட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள், கைக்கு ஒன்று, தாடிக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, பாதியில் போனால் நஷ்டம். அவர்கள் புத்தகத்தில் தாடி கிடையாது. முடி இருந்தது. தாடியும் முடிதானே!

பெரியவர் தாடியில் தடவிக்கொண்டார். முகம் மலர்ந்தது. கழுத்துக்கு நீட்டினேன்.

"ஸாத்தர்!" என்று கத்தினார். "இப்பத்தானே சாப்பிட்டேன், திரும்பப் பசிக்க வைக்கிறியா? இன்னும் எங்கே பாக்கி?"

"முழங்கால், பாபா."

"டாக்டரும் அதுக்கு எண்ணெய்தான் கொடுத்தான். அவன் எண்ணெய் நாத்தம்" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் உட்கார்ந்தார். மூத்தவர் உட்கார்ந்ததும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கார் வரை போய்விட்ட இரண்டு பேரை அபு சாலிம் போன் போட்டுக் கூப்பிட்டார். சுலைமானி வந்தது.

பாய் வெல்வெட்டை விலக்கிப் பேசினார். பாட்டிலை மரியாதைக்குப் பார்த்தார்கள். பேச்சு முடிந்ததும் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தாடி எண்ணெய் எவ்வளவு?" அதற்கு விலையே வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைப் பாய் சொன்னார். ஆர்டர் குவிந்தது. ரோஜா-ஐரிஸையும் கொஞ்சம் எடுத்தார்கள், பாவம் பார்த்து.

திரும்பி வரும்போது காரில் பாய் கண்ணாடியில் தன் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இங்க வந்து தலை நரைச்சுப்போச்சு. எனக்கும் தோணலையே வே" என்றார்.

"உங்களுக்கே தோணலைன்னா, பாய், நான்..."

"நீரு வாயை மூடும். டேபிள் அங்கேயே இருக்கட்டும்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எது எதோடு சேரும் என்று மூக்கு சொல்லிவிடும். அந்த வாசனை எந்த வீட்டில் எந்த நேரத்தில் நுழைந்தால் என்ன அர்த்தம் என்று மூக்குக்குத் தெரியாது. வாயைத் திறந்து கேட்க வேண்டும். நான் இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன்.

போன வாரம் கடைக்கு நம் ஊர்த் தங்கச்சி ஒருவர், மகள் பிறந்தநாளுக்கு ஏதாவது நல்ல வாசனை வேண்டும் என்று வந்தார். "விருந்தாளி வரும்போதா, போகும்போதாம்மா?" என்றேன்.

"போகும்போதுதான் அண்ணா. மறுநாள் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு, ஆனா எங்க வீட்டுக்கு வந்தவங்க யாரும் லேசுல கிளம்பறதில்ல" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எது சீக்கிரம் வேலை செய்யும்?"