மீனாவுக்குக் கிடைத்த எழுத்து

மகளின் முதல் பிறந்தநாள் பேனருக்காகக் கடலூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் அந்தப் பழைய எழுத்து வந்தது. பருமனாக, அகலமாக, முனையெல்லாம் உருண்டு, ஊதிய பலூன் போல.

2006இல் சிதம்பரத்தில் எனக்கும் மாமா மகள் மீனாவுக்கும் ஒரே நாளில் காதணி விழா. இருவருக்கும் ஒரே பேனர். எனக்கு ஏழு வயது. மாமாவோடு நானும் ஃபிளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். புது மையின் வாடை தொண்டை வரை இறங்கியது.

"இந்த எழுத்து அகலம் ஜாஸ்திண்ணே. மீனா உக்காந்துடும், செந்தமிழ்ச்செல்வி உக்காராது," என்றார் கடைக்காரர்.

"அத பொடி எழுத்துல போடு. அதான் போட்டோ இருக்குல்ல," என்றார் மாமா.

மீனாவின் பெயர் தெருமுனையிலிருந்தே தெரிந்தது. என் பெயரைக் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்கள். காது குத்தும்போது நான் அழுத அழுகையை வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"மீனாவ பாருடி, அழுவுறாளா?" என்றாள் அம்மா.

"பாப்பா பேரு என்னக்கா?" கடலூர் கடையில் கணினியின் முன்னால் இருந்த பெண் கேட்டாள்.

"யாழ்."

"ரெண்டே எழுத்து. பேனர் முழுக்கப் போட்டுடலாம்."

தமிழிசை மேல் உள்ள பற்றால் வைத்த பெயர் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிவருகிறார். நான் இதுவரை மறுத்ததில்லை.