பெயரைச் சொன்ன சேமிப்பு அக்கா

போன வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காரிமங்கலம் தபால் நிலையத்தில் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற தபால்காரர் கோவிந்தன் பேசினார். "சார், சேமிப்பு அக்கா போயிட்டாங்க சார்." வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைவீதியில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். சேமிப்பு அக்கா என்றால் போதும், சந்தைக்கு ஆடு விற்க வந்தவர்கூட வீட்டைக் காட்டிவிடுவார். நானும் கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நீங்களும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பீர்கள். ஆகவே இங்கேயும் அக்கா என்றே தொடங்குகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துச் சில ஊர்களில் அரசு ஒரு திட்டத்தைச் சோதனையாக நடத்தியது. கூலிக் குடும்பத்துப் பெண் பிள்ளையின் பெயரில் வீட்டார் மாதம் ஐந்து ரூபாய் தபால் நிலையத்தில் போட்டால், அரசும் தன் பங்காக ஐந்து ரூபாய் போடும். பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்ததும் மொத்தமும் அவளுக்கு. நடுவில் யாரும் எடுக்க முடியாது. வீட்டாரிடம் பணம் வாங்கி வந்து கட்ட மகளிர் முகவர் ஒருவர் தேவைப்பட்டார். கடைவீதியில் தகரப் பெட்டி செய்து விற்றுக்கொண்டிருந்த கணவர் இறந்துபோய், இரண்டு பையன்களோடு தவித்துக்கொண்டிருந்த அக்கா அந்த வேலைக்கு வந்தார். நான் அப்போது கவுண்டரில் உட்கார்ந்திருந்த இளம் எழுத்தர். விதிப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் நம்பாத வயது.

எல்லா முகவர்களும் வீடு வீடாகப் போவார்கள். அக்கா சந்தை நாளில் சந்தையின் நுழைவாயிலிலேயே நின்றுகொள்வார். புளியும் கேழ்வரகும் விற்க வந்த பெண்களுக்கு அவரைத் தாண்டிக்கொண்டு போக வழி கிடையாது. "வித்துட்டு நேரா எங்கிட்ட வா. துணிக்கடைப் பக்கம் போயிட்டு வந்தின்னா உங்கிட்ட காசும் இருக்காது, எங்கிட்ட சொல்லப் பதிலும் இருக்காது" என்பார். சந்தை முடிந்து அவர் எங்கள் கவுண்டருக்கு வரும்போது அந்த நோட்டுகளில் புளி வாசம் அடிக்கும். நான் மூக்கைச் சுளிப்பேன். "மோந்து பாக்காதீங்க தம்பி, எண்ணிப் பாருங்க" என்பார்.

மழை பொய்த்த வருடம் ஒன்று வந்தது. கிணறுகள் வற்றி, ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். சேமிப்பை நிறுத்திவிடலாம் என்று பெண்கள் பேசத் தொடங்கினார்கள். அக்கா சந்தை வாசலில் ஒரு பெண்ணைப் பிடித்துவைத்துச் சத்தம் போட்டது தபால் நிலையம் வரை கேட்டது. "ஏம்மா, உன் மகளுக்கு அரசாங்கம் மாசாமாசம் மொய் வைக்குது. வூட்டு வாசல்ல வந்து நிக்கிற மொய்ய வேணாம்னு சொல்லுவியா நீ?" மொய் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எங்கள் துறை அச்சடித்து அனுப்பிய சுவரொட்டிகள் எதுவும் அந்த வேலையைச் செய்ததில்லை.

அக்காவை நான் சீண்டுவதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். ஆண்டுதோறும் முகவர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, தெரிந்துகொண்டே, "கணவர் பேரு என்னங்க அக்கா?" என்று கேட்பேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாளை என் பக்கம் தள்ளுவார். "அதுல எழுதித்தான இருக்குது, பாத்துக்குங்க." சட்டப்படி வாயால் சொல்ல வேண்டும் என்று நான் வம்புக்கு இழுப்பேன். அவர் சொன்னதே இல்லை. எழுதுவார், வாயால் சொல்ல மாட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் எந்த மதமானாலும் அந்த விஷயத்தில் ஒரே கட்சிதான்.

திட்டம் முதிர்ந்து பணம் கொடுக்கும் நேரம் வந்தபோதுதான் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. ஒரே ஊரில் பல கணக்குகள் 'பாப்பா' என்ற பெயரில் இருந்தன. பள்ளிச் சான்றிதழ்களில் வேறு பெயர்கள். எங்கள் பக்கம் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை வைப்பது வழக்கம். மருமகள் மாமியாரின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆகவே பெற்றவளே தன் மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். கணக்குத் தொடங்கும்போது அக்கா கேட்டார், தாய்மார்கள் பாப்பா என்றார்கள், அக்கா அப்படியே எழுதிக்கொண்டார்.

சரிபார்க்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விதிகளை என்னைவிடவும் நேசித்தவர். பெற்றவர்களில் ஒருவர் நேரில் வந்து, கணக்கில் உள்ள பிள்ளையின் பள்ளிப் பெயரைத் தன் வாயால் சொல்லிக் கைநாட்டு வைத்தால் பணம் தருவேன் என்றார். மற்றக் குடும்பங்களில் அப்பாக்கள் வந்து தங்கள் அம்மாவின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். முனியம்மாவுக்கு மட்டும் அந்த வழி இல்லை. அவருடைய கணவர் கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்துவிட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் மாமியாரும் போயிருந்தார்.

முனியம்மாவின் மகளுக்குக் கிராம சுகாதார செவிலியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அம்மாவோடு பெங்களூருக்குப் போய்ச் செங்கல் சுமக்க வேண்டியதுதான். அந்தப் பெண் தாவணி முனையைச் சுருட்டியபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க மக பேரு என்னம்மா?" என்றார் அதிகாரி.

"பாப்பாங்க."

"பள்ளிக்கூடத்துல என்ன பேரு?"

"அது அவங்க பேருங்க. எங்க வூட்டு ஆத்தா பேரு. நான் சொல்லக்கூடாதுங்க."

நான் பொறுக்க முடியாமல் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதிகாரி கையை உயர்த்தித் தடுத்தார். "தாய்தான் சொல்லணும். இல்லேன்னா இந்தக் கணக்க முடக்கி அனுப்பிடுவேன்." முனியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "செத்துப்போனவங்கள நான் எப்புடிங்க பேர் சொல்லிக் கூப்புடுவேன்? எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமுங்க."

ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தார். "விசாரிக்காம எழுதுனது நான். தப்பு என்னுதுங்க" என்று அதிகாரியிடம் சொன்னார். பிறகு முனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாரு முனிம்மா. எங்க வூட்டுக்காரரு பேர நான் ஒருநாளும் வாயால சொன்னதில்ல. இந்தத் தம்பி கேட்டுக் கேட்டே சலிச்சுப்போயிட்டாரு. அவரு மவுத்தாயி அடக்கம் பண்ண அன்னிக்கிக்கூட சொல்லல. இப்ப நான் சொல்றேன். நான் சொன்ன பின்னால நீ சொல்லணும்."

கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. மறுபடி மூச்சை இழுத்து, "காதர் பாஷா" என்றார். தபால்தலை வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் முகம் நனைந்திருந்தது. பிடித்த கையை அவர் விடவில்லை.

முனியம்மா வாயிலிருந்த தலைப்பை எடுத்தார். "மாதம்மா" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "எம் மக பேரு மாதம்மாங்க" என்றார்.

அந்தப் பெண் அங்கேயே தேம்பி அழுதுவிட்டாள். பணம் கிடைக்கும் என்ற சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறந்ததிலிருந்து தன் அம்மாவின் வாயால் அவள் தன் பெயரைக் கேட்டதில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அதிகாரி மை டப்பாவை முனியம்மாவின் பக்கம் நகர்த்தினார்.

வெளியே வந்தபோது முனியம்மா பயத்தோடு கேட்டார். "ஆத்தா கோவிச்சுக்குவாங்களாக்கா?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "கோவிச்சுக்கிட்டா எங்க வூட்டுக்காரரு அங்கதான இருக்காரு, எடுத்துச் சொல்லுவாரு. அவரு எம்மேல கோவமா இருந்தா ஆத்தா சொல்லட்டும்." இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து சிரித்ததைக் கவுண்டரிலிருந்து பார்த்தேன். அடுத்த உரிமப் புதுப்பிப்பில் நான் கணவர் பெயரைக் கேட்கவில்லை. "என்ன தம்பி, இந்த வருசம் கேக்கல?" என்று அவர்தான் என்னைச் சீண்டினார்.

வெள்ளிக்கிழமை அக்காவின் வீட்டு வாசலில் மாதம்மாவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. சித்தேரி மலையில் பல வருடமாகச் செவிலியராக இருப்பவர், செய்தி கேட்டதும் வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார். "அம்மா அதுக்கப்புறமும் என்னயப் பாப்பான்னுதாங்க சார் கூப்புட்டாங்க, கடைசிவரைக்கும். ஆனா அந்த ஒருதடவ போதும் சார் எனக்கு" என்றார். பிரசவம் பார்த்த வீடுகளிலெல்லாம் குழந்தையின் பெயரை அப்பாவிடம் ஒருமுறை, அம்மாவிடம் ஒருமுறை கேட்பாராம். அம்மாக்கள் தயங்கினால் அக்காவின் கதையைச் சொல்வாராம்.

அந்தத் திட்டம் சில வருடங்களில் நின்றுபோனது. அந்தப் பணத்தில் படித்து மேலே வந்த பெண்கள் இன்று இந்த மாவட்டம் முழுவதும் இருக்கிறார்கள். அரசு பணம் போட்டது, உண்மை. அதை வாங்கும் இடம்வரை அவர்களைக் கைபிடித்துக் கூட்டிவந்தவர் அக்கா. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குப் பழக்கியவரும் அவர்தான். அதற்கு நான் அவரிடம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, தபால் நிலையமே திரும்பிப் பார்க்க அவர் உச்சரித்த அந்த ஒரு பெயரின் சத்தம். மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன்தான் நானும். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, இன்று ஒருமுறை மட்டும் சத்தமாகச் சொல்கிறேன்.

ஜைத்தூன் பீ.