இரண்டு தடவை ஊதச் சொன்னவர்

நரைத்த மீசை, கசங்காத சீருடை, பேச்சுக்கு நடுவே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம். அந்தப் பொலிஸ் சார்ஜனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குச் சனம் போகும் நேரம். கல்முனையில் என் மீன் லொறியை மறித்தார்கள். குடித்திருக்கிறேனா என்று பார்க்க இளம் பொலிஸ்காரன் நீட்டிய பலூனை ஊதினேன். அதன் வாயில் செருகியிருந்த மஞ்சள் குழாய் பச்சையானது. குடித்தவனுக்குத்தான் அப்படி ஆகும். நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை.

“பல்லுப் புடுங்கின வாய் சேர்! இப்பதான் டொக்டர் தந்த மருந்தால கொப்புளிச்சன்!” என்று கத்தினேன்.

“எல்லாருக்கும் மருந்துதான் காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துச் சிரித்தான் இளையவன். பள்ளிவாசலுக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

சார்ஜன் என் மருந்துப் போத்தலை வாங்கிக் கொப்புளித்துத் துப்பினார். எல்லோரும் பார்க்க, தானே ஒரு பலூனை ஊதினார். அதுவும் பச்சை.

“இப்ப என்னையும் புடிச்சு உள்ள போடு,” என்றார் அவனிடம். “இந்த மருந்தில ஸ்பிரிட் இருக்கு. அது வாயில இருந்து போகக் கால் மணித்தியாலம் வேணும். நில்லுங்க காக்கா.”

இருவரும் வெயிலில் நின்றோம். அவர் கடிகாரத்தையே பார்த்தார். பிறகு புதுப் பலூன்களை ஊதினோம். இரண்டு குழாயும் மஞ்சளாகவே இருந்தன.

“போங்க,” என்றார். நான் நன்றி சொல்லவில்லை, அவ்வளவு கோபம். அது அவர்மேல் இல்லை. அவர் லீவில் இருக்கும் நாளில் பச்சைக் குழாயோடு நிற்கப்போகிறவனுக்காக யார் கொப்புளித்து ஊதிக் காட்டுவார்?