லாரியில் வந்த காக்கை

எங்கள் எஸ்டேட்டில் காக்கை கிடையாது. மலை ஏறும் ரோட்டில் ஏதோ ஒரு வளைவிலேயே, இந்தக் குளிர் நமக்கு ஆகாது என்று அது திரும்பிப் போய்விடும்போல. அதனால் அமாவாசை, தெவசம் என்று வந்தால் ஒரு வாழை இலைத் துண்டில் சோற்றை வைப்போம், இரண்டு தரம் "கா, கா" என்போம், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். கூப்பிட வேண்டியது எங்கள் வேலை, வராதது அதன் குற்றம். செத்துப்போனவர்கள் யாரும் இதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. கோபித்துக்கொண்டவர் ஒரே ஒருவர். அவர் உயிரோடு, மலைக்குக் கீழே பீடோர் டவுனில் இருந்தார். சின்னையா அண்ணனின் அக்கா அம்மாக்கண்ணு.

சின்னையா அண்ணனும் நாங்களும் ஒரே லயம், ஒரே வரிசையில் ஒட்டின வீடு, இரண்டு வீட்டுக்கும் ஒரே பின்வாசல். அவருக்குத் தேயிலை பேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. ஒரு மழை நாளில் பேக்டரிச் சுவரில் மோதி விழுந்த குருவியைத் தன் கம்பளித் தொப்பிக்குள் போட்டு அடுப்போரம் வைத்திருக்கிறார். சூடு ஏறியதும் அது எழுந்து பறந்துவிட்டது. தொப்பிக்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் போனது. மனுஷன் தொப்பியை அலசி மாட்டிக்கொண்டு, மறுநாள் காலை தண்ணீர்ப் பீப்பாயின் மேல் ஒரு பலகையைப் போட்டு ராத்திரிச் சோற்றை வைத்தார். குருவி சொந்தபந்தத்தோடு வந்து இறங்கியது. அன்று பிடித்த பைத்தியம்.

தினமும் வேலைக்குப் போகுமுன் அலுமினியத் தட்டைக் கரண்டியால் டங், டங் என்று தட்டுவார். பின்வாசல் மரத்திலிருந்து அத்தனையும் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் பதவி வேறு கொடுத்திருந்தார். விடியுமுன் விசிலடித்து லயத்தை எழுப்புகிற கருநீலப் பறவை கங்காணி. பழுப்புத் தொப்பியும் கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடியுமாகக் கூட்டம் கூடிக் கத்துகிறவர்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள். சாம்பல் உடம்பில் நீள வாலை இழுத்துக்கொண்டு யாரையும் மதிக்காமல் வருகிறவள் துரைசாணி.

என் பெயர் ருக்குமணி. என் வாய்க்கு எங்கள் லயமே ஒதுங்கிப் போகும். கொழுந்து நிறுக்கும்போது நிஜக் கிராணியே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார். இந்தக் குருவிக் கிராணிகளுக்கு மட்டும் பயமே கிடையாது. சரியாக என் கொடிச் சீலையில்தான் வந்து காரியத்தை முடிப்பார்கள். உங்கள் ஆபீஸ் ஆட்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று நான் கத்துவேன். அண்ணன் சிரித்தபடி சோப்போடு வருவார். அவர் பெண்டாட்டி திலகம் அதற்கும் மேலே. குருவிக்கு வைத்த பழத்தில் பாதியைத் தானே தின்றுகொண்டு நின்று வேடிக்கை பார்ப்பாள்.

திலகத்துக்கு உட்கார்ந்து சாப்பிடவே தெரியாது. எல்லாம் நின்றபடிதான். சட்டியிலிருந்து வடை இறங்கினால் முதல் வடை அவள் வாய்க்கு. கல்யாணமாகி வந்த முதல் பொங்கலிலேயே சாமிக்குப் படைப்பதற்குள் ஒரு வடையைக் கடித்துவிட்டாள். அம்மாக்கண்ணு அக்கா பார்த்துவிட்டார், கரண்டியால் கையில் ஒன்று வைத்தார். அந்த ஒற்றை வடையைச் சொல்லிச் சொல்லியே அக்கா எத்தனையோ வருஷம் ஓட்டினார். திலகமும் லேசுப்பட்டவளா? அக்கா வருகிற பண்டிகைக்கெல்லாம், அவர் கண்ணெதிரே, படைக்குமுன் ஒரு வடையைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

எழுபத்தேழாம் வருஷம் திலகம் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகுட்டி இல்லை. அண்ணன் ஒரு மூலையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நான் கொண்டுபோய் வைக்கிற சோறு அப்படியே ஆறிக் கிடக்கும். ஆனால் விடிந்தால் துரைசாணி ஜன்னல் கண்ணாடியைக் கொத்துவாள், கிராணிகள் கூரையில் கூச்சல் போடுவார்கள். மனுஷன் எழுந்து உலை வைப்பார். குருவிக்கு வைத்த உலையில் இரண்டு பிடி மிஞ்சும், அதைத் தானும் தின்பார். அந்தக் குருவிகள் இல்லையென்றால் அந்த வருஷமே அவரையும் தூக்கியிருப்போம். இதை யாரிடமும் அடித்துச் சொல்வேன். சீலை கிடக்கட்டும், துவைத்துக்கொள்ளலாம்.

முதல் வருஷத் தெவசத்துக்கு அக்கா சில நாள் முன்னதாகவே பஸ் ஏறி வந்துவிட்டார். தம்பியின் ஒட்டின கன்னத்தைப் பார்த்து அழுதார். கெட்ட மனுஷி இல்லை, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டம் போட்டார்.

"காக்கா வந்து சோத்தத் தொடணும். தொடலன்னா அவளுக்கு இங்க மனசு இல்லன்னு அர்த்தம். நீயும் ஒண்டியா இங்க கெடக்க வேணாம், மூட்டையக் கட்டு. என்கூட பீடோருக்கு வந்துடு."

அக்காவின் வீடு டவுனில் ஒரு கடைக்கு மேலே மாடி. பின்வாசலே கிடையாது. அதோடு விட்டாரா? காக்கை தொடும்வரை குருவிகளுக்குத் தட்டக்கூடாது, கண்டது வாய் வைத்தால் படையல் எச்சில் என்றும் சொல்லிவிட்டார். அண்ணன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவர். தலையை ஆட்டிவிட்டுப் பின்வாசலுக்கு வந்தார். மரத்தில் அத்தனையும் பட்டினியாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன.

"ருக்கு, நான் போயிட்டா இதுங்களுக்கு யாரும்மா தட்டுவா?" என்றார்.

அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். காக்கை வந்தே ஆக வேண்டும். தானாக வராவிட்டால் நாம் கொண்டுவர வேண்டியதுதான்.

என் தம்பி தங்கராஜு எங்கள் மலையிலேயே திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துத் தாப்பா டவுனுக்கு இறங்குகிற லாரி டிரைவர். திரும்பி வரும்போது ஒரு காக்கை பிடித்துக்கொண்டு வா என்றேன். வேறு எவனாக இருந்தாலும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான். இவன் மோவாயைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணு போதுமாக்கா?" என்று கேட்டான்.

தெவசத்தன்று காலையில் கோஸ் கூடைக்குள் காக்கை வந்து சேர்ந்தது. தாப்பா மார்க்கெட்டில் மீன் குடலைக் காட்டிப் பிடித்தானாம். வளைவில் இரண்டு தடவை வாந்தி எடுத்தது என்று சத்தியம் பண்ணினான். மனுஷர்களே எடுக்கிற ரோடு அது, நம்பினேன். கூடையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் சௌசௌப் பந்தலுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். பலகையைத் தேய்த்துக் கழுவி, இலை போட்டு, சோறு, சாம்பார், பாயசம், வடை எல்லாம் வைத்தாயிற்று. லயத்து ஜனம் முழுக்கக் கூடி நின்றது. அக்கா மலையைப் பார்த்துக் கைகூப்பி, "கா, கா" என்று கூப்பிட்டார்.

நான் கூடையைத் திறந்தேன். காக்கை வரவில்லை. குளிரில் உடம்பை உப்ப வைத்துக்கொண்டு, வர முடியாது என்று உட்கார்ந்திருந்தது. கூடையைக் கவிழ்த்தேன். தலையில் ஒரு கோஸ் இலைத் துண்டோடு வெளியே நடந்து போனது. ஆமாம், நடந்துதான் போனது. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வந்துவிட்டாயா திலகம் என்று நடுங்கின குரலில் கேட்டார். பிறகு குனிந்து அதன் காலைப் பார்த்தார். காலில் ஒரு முழ நீளத்துக்கு நீல ராஃபியா பிளாஸ்டிக் கயிறு. அந்தத் தடியன் தங்கராஜு கட்டினவன் அவிழ்க்க மறந்துவிட்டான்.

காக்கை இலையைப் பார்த்தது, அக்காவைப் பார்த்தது, எழும்பியது. நீலக் கயிறு பின்னாலேயே ஆட, தேயிலைக்கு மேலாகத் தாப்பா ரோட்டுப் பக்கம் பறந்து போய்விட்டது. வந்த வழியை நன்றாக ஞாபகம் வைத்திருந்தது.

எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வந்தது. அதைப் பார்த்துத் தங்கராஜு சிரித்தான், லயமே சிரித்தது. கடைசியில் சின்னையா அண்ணன், வருஷம் பூராவும் பல்லைக் காட்டாத மனுஷன், பீப்பாயைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. பரிமாறின கரண்டி ஒரு கையில், காலித் தட்டு மறு கையில். வார்த்தைக்கு ஒரு அடியாகத் தட்டில் ஓங்கி அடித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"நாளைக்கு." டங். "காலையில." டங். "பஸ்." டங்.

அவ்வளவுதான். கங்காணி விசிலடித்தான். மரம் முழுக்க உதிர்ந்து விழுந்ததுபோல அத்தனை குருவியும் கீழே கொட்டின. பலகையில் கிராணிகள், கொடியில் கிராணிகள், அக்காவின் கொண்டையில் ஒரு கிராணி. பட்டினி கிடந்த கூட்டம், யாருடைய தெவசம் என்று பார்க்குமா? அக்கா விரட்டுவதற்குக் கரண்டியை ஓங்கினார்.

அப்போதுதான் துரைசாணி வந்து இறங்கினாள். வாலை ஒரு தரம் ஆட்டினாள். பாயசத்தைப் பார்க்கவில்லை. சோற்றின் மேலே மிதித்து நடந்து வடையிடம் போனாள், கொத்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டு பறந்தாளா என்றால் அதுவும் இல்லை. இலையின் ஓரத்தில் நின்றுகொண்டு, அக்காவை நேருக்கு நேர் பார்த்தபடியே தின்றாள்.

ஓங்கின கரண்டி அப்படியே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, சிரிப்பும் நின்றுவிட்டது. அக்காவின் உதடு கோணியது. அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

"இன்னும் தீபாராதனகூடக் காட்டல. அதுக்குள்ள என்னடி அவசரம் உனக்கு?" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனார். அன்று அண்ணன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். தங்கராஜுவுக்கும் அக்கா இலை போட்டார், முறைத்துக்கொண்டேதான் போட்டார். பீடோர் பேச்சை அக்கா அதன்பிறகு எடுக்கவே இல்லை. இப்போதெல்லாம் எங்கள் லயத்தில் தெவசம் என்றால் யாரும் கா, கா என்பதில்லை. தட்டைத்தான் தட்டுகிறோம்.

மறுநாள் காலை அக்கா மட்டும் பஸ் ஏறினார். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி நின்று தம்பியைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருசம் வடைய ரெண்டா வை. ஒண்ணு படைக்கறதுக்கு, இன்னொண்ணு படைக்கறதுக்கு முன்னாடியே அவளுக்கு."