படிக்கட்டுக்குக் கீழே இரண்டு கட்டில்

என் மனைவிக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்து, இடுப்புக்குக் கீழே அசைவு நின்றுபோனது. மருத்துவமனையிலிருந்து வந்தவளை மாடிப் படுக்கையறைக்கு ஏற்ற வழியில்லை. கீழே இருந்தது, படிக்கட்டுக்கு அடியில் சாமான் போட்டு வைத்திருந்த அறைதான். அதன் மேற்குப் பக்கம் கூரை சரிந்து வந்து முழங்கால் உயரத்தில் முடியும்.

கட்டில் கடை பாய் நேரில் வந்தார். இரண்டு பேரும் டேப் பிடித்து அளந்தோம்.

“அம்மாவுக்கு ஒரு கட்டில் போட்டுட்டா, நிமிர்ந்து நிக்கிற எடம் இவ்ளோதாங்க. பீரோ வெக்கலாம், இல்லன்னா உங்களுக்கு இன்னொரு கட்டில்.”

“பீரோவை வெச்சிடலாம் பாய். நான் தரையில படுத்துக்குவேன்” என்றேன்.

சக்கர நாற்காலியில் இருந்த மனைவி குறுக்கிட்டாள். “ஆமா, அப்புறம் உங்க முதுகுக்கும் நான்தான் பாக்கணும். பீரோ எதுக்கு? கட்டிலுக்குக் கீழ டிராயர் போதும். நாலு நைட்டிதானே!”

“எழுந்து நடக்கும்போது புடவை வேணாமா?”

அவள் பாயிடம் திரும்பி, “ரெண்டு கட்டில் பாய்” என்றாள்.

பீரோ மாடியிலேயே நின்றது. கட்டில்கள் வருவதற்குள் அவளுடைய தங்கை வந்து பட்டுப்புடவைகளைக் கொண்டுபோனாள். நான்தான் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக் கொடுத்தேன்.

கட்டில்களை வடக்கு தெற்காக மட்டுமே போட முடிந்தது. கிழக்கு மேற்காகப் போட்டால் கூரை இடித்தது. வடக்கே தலை வைக்கக் கூடாது. தெற்கே வைத்தால், மலைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டில், கால் நேராக மலையைப் பார்க்கும். மலையையே சாமியாகக் கும்பிடும் எங்கள் தெருவில் யாரும் அப்படிப் படுப்பதில்லை. நானும் பாயும் வடக்கு ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்தபடி நின்றோம்.

“இன்னாத்துக்கு ரெண்டு பேரும் முழிக்கிறீங்க?” என்று அவள் சிரித்தாள். “நானா காலை நீட்டறேன்? அது பாட்டுக்குக் கெடக்குது. மலைக்குத் தெரியாதா?”

பாய் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

அவளைத் தூக்கிப் படுக்க வைத்தேன். பாதம் ஜன்னலைப் பார்க்காதபடி முழங்கால்களை மடித்து, அடியில் தலையணை கொடுத்தேன். கையை எடுத்ததும் கால்கள் சரிந்து நீண்டன. மறுபடியும் மடித்தேன். மறுபடியும் சரிந்தன.

“விடுங்க” என்றாள்.

விட்டேன்.