கைகளைத் தேய்த்துக்கொள்ளும் டாக்டர்

சுனாமிக்கு அடுத்த வருஷம் எனக்கு அடிவயிற்றில் வலி வந்தது. காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து விற்கிற பிழைப்பு என்னுடையது. மூன்று டாக்டர்கள் ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவரும் என்னைத் தொடவில்லை. கேன்சரைத்தான் மறைக்கிறார்கள் என்று என் மனைவி அழுதாள்.

நாலாவது டாக்டர் தருமபுரத்தில் இருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, சிரிக்காத முகம். நான் நீட்டிய ஸ்கேன் கவரைப் பிரிக்காமலே மேசையில் வைத்தார். இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை எழுந்து நின்று இருமச் சொன்னார். இருமியதும் தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்தது.

"குடலிறக்கம். சின்ன ஆபரேஷன்தான்."

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வந்துச்சுங்களே?"

"படுக்க வச்சு எடுத்திருப்பாங்க. கூடையை நீங்க படுத்துக்கிட்டா தூக்குறீங்க?"

குணமானதும் ஒரு கொடுவா மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"விடியக்காலம் கரைக்கு வந்த மீனுங்க."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பிறகு இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, செவுளைத் திறந்து பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். அப்புறம்தான் வாங்கிக்கொண்டார்.

மீனுக்கு எதற்குக் கைச்சூடு என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.