அம்மா திருத்திய வேகம்

மகளின் கணினி தன் வேகத்தைப் பாதியாகக் காட்டுகிறதே என்று பெட்டியின் மூடியைக் கழற்றினேன். சூடேறிய தூசியின் வாசனை வந்தது. கோட்டூர்புரம் வீட்டில், டைப்பிங் வேலைக்காக அம்மா வாங்கிய முதல் கணினியும் இப்படித்தான் மணக்கும்.

அதன் ரசீதில் வேகம் 733 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தது, திரையிலோ 550. அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அதை வாங்கிய தி.நகர் கடைக்கு ஆட்டோவில் போனாள்.

"இன்னாம்மா, வூட்ல சிப்ப மாத்திக்கினு வந்து என்னைக் கேக்குற?" என்றார் கடைக்காரர். அங்கே நின்றவர்கள் அம்மாவைத் திருடியைப் போலப் பார்த்தார்கள்.

மதர்போர்டுடன் வந்த கையேட்டை அம்மா இரண்டு நாளாக அகராதி வைத்துப் படித்திருந்தாள். "ஸ்க்ரூடிரைவர் குடு" என்று வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். வேகத்தை நிர்ணயிக்கும் சின்ன ஜம்பரைக் கடைக்காரர் தவறான ஊசிகளில் செருகியிருந்தார்; அதைப் பிடுங்கிப் பக்கத்து ஊசிகளில் மாட்டினாள். கடையின் திரையோடு இணைத்துப் போட்டதும் 733 வந்தது.

"சரி, எட்த்துக்கினு போம்மா."

"நான் சிப்ப மாத்தலன்னு சொல்லு."

அவர் முனகினார்.

"இவங்க எல்லாருக்கும் கேக்கணும்."

அவர் உரக்கச் சொன்ன பிறகுதான் அம்மா பெட்டியைத் தூக்கினாள்.

"ரிப்பேர் ஆளைக் கூப்பிடலாம்மா" என்றாள் பக்கத்தில் நின்ற மகள்.

"ஒருத்தரும் வேணாம்" என்றேன். "டார்ச்ச மட்டும் புடி."